சோக்கு சிக்கினால் என்ன செய்வது?



எங்கள் தாத்தாவின் பழைய புல்லட் எட்டு மாதம் சாக்கு மூடிக் கிடந்தது. பொங்கலுக்கு வெளியே எடுத்தார். ஸ்டார்ட் ஆயிருச்சு. ஆனால் சாத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் ஒரே கரும்புகை, வண்டி நின்றுவிட்டது. "கார்புரேட்டரையே மாத்தணும்" என்றார் ஒருவர். தாத்தா மாத்தலை. சிக்கியிருந்தது சோக்கு மட்டும்தான்!

சோக்கு எதற்கு?
குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. எனவே ஸ்டார்ட் பண்ண பெட்ரோல் கூடுதலாக வேண்டும். சென்னையில் தயாரான புல்லட்டின் பழைய அமல் கார்புரேட்டரில் ஒரு தகடு இறங்கி, காற்றைக் குறைக்கும். பின்னால் வந்த மிக்கார்பில் ஒரு சின்ன பிஸ்டன் மேலே எழும்பி, தனி வழியில் பெட்ரோலை விடும். இன்ஜின் சூடானதும் சோக்கை எடுத்துவிட வேண்டும்.

ஏன் சிக்குகிறது?
ஓட்டாத வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். இப்போதைய பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுப்பதால் உலோகமும் அரிக்கும்.

அடையாளம்
மூடாமல் சிக்கினால் கரும்புகை, பிளக்கில் கரி, மைலேஜ் குறைவு. திறக்காமல் சிக்கினால் காலையில் உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும்.

சரிசெய்யும் முறை
1. இன்ஜின் நன்றாக ஆறட்டும். பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ளதை வடிக்கவும்.
2. சோக்கு நட்டைச் சுற்றி கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊற விடவும். குறடு போட்டு இழுத்தால் உடையும்.
3. கழன்றதும் பிஸ்டனைத் துணியால் துடைக்கவும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தேய்ந்து, பெட்ரோல் கசியும்.
4. துளைகளில் காற்று அடிக்கவும். கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும்.
5. பிஸ்டன் அடியில் உள்ள ரப்பர் இறுகிப்போயிருந்தால் பிஸ்டனைப் புதிதாக மாற்றவும். இல்லையென்றால் மூடினாலும் மூடாது.

முக்கிய எச்சரிக்கை!
இதைப் பெரியவர்கள் துணையோடு, வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அடுப்பு, பீடி, மருந்து ஒட்டிய வேலைத்துணி எதுவும் பக்கத்தில் கூடாது. ஒரு பொறி என்ன செய்யும் என்று நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புது புல்லட்டில் கார்புரேட்டரே இல்லை. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் நம் தெருவில் ஓடுகின்றன. நான் அவசரப்பட்டு நட்டை முறுக்கியபோது தாத்தா சொன்னார்: "முறுக்காத தாயி, ஊற விடு." ஒரு மணி நேரத்தில் தானாகவே கழன்றது.

– பதினோராம் வகுப்பு மாணவி