சந்தனம் இல்லாவிட்டால் எத்தனை வாசனை போகும்?

ஜவ்வாது என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது சின்னக் குப்பியில் விற்கும் வாசனைப் பொடியாகத்தான் இருக்கும். அந்தப் பெயரில் ஒரு மலையும் உண்டு. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஜில்லாக்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பேர்போனது.

அந்த மரம் இல்லாமல் போனால் வாசனைப் பெட்டிக்கு என்ன நஷ்டம்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் அதற்கு வழி செய்து வைத்திருக்கிறார். அவருடைய 'பிருஹத் சம்ஹிதை'யில் வாசனைத் திரவியங்களுக்கென்றே ஓர் அத்தியாயம். சந்தனம், அகில், வெட்டிவேர், கொத்துமல்லி என்று பதினாறு சரக்குகளைச் சொல்லி, நான்கு நான்காகச் சேர்த்தால் 1820 வகை என்கிறார்.

அடேயப்பா! ஒவ்வொன்றாக எண்ணினாரா? இல்லை, கூட்டல் கட்டம் போட்டுக் கண்டார். நமக்குப் பெருக்கல் சுலபம். முதல் சரக்கை 16 விதமாக எடுக்கலாம். அடுத்ததை மீதி 15-லிருந்து. பிறகு 14, 13. பெருக்கினால் 43,680. ஆனால் சந்தனத்தை முதலில் போட்டாலும் கடைசியில் போட்டாலும் டப்பாவில் இருப்பது அதே பொடிதானே? நான்கு சரக்குகளை முன்பின்னாக மாற்றிப் போட 24 வழி. ஆகவே 24-ஆல் வகுத்துவிடுங்கள். 1820! தினம் ஒன்றாக அரைத்துப் பார்த்தால் ஐந்து வருஷத்துக்கு ஐந்தே நாள் குறைவு. அம்மி தேய்ந்துவிடும்.

இப்போது சந்தனத்தை எடுத்துவிடுங்கள். மீதி 15 சரக்கில் நான்கு எடுக்க 1365 வழிதான். 455 வாசனைகள் ஒரேயடியாகப் போயின! பதினாறில் ஒன்று போனால் வீசம் பங்குதானே நஷ்டம் என்று தோன்றும். ஒவ்வொரு கலவையிலும் நான்கு இடம் இருப்பதால் நஷ்டம் நான்கு மடங்காகி, சரியாகக் கால் பங்கு போய்விடுகிறது.

இது வெறும் விளையாட்டுக் கணக்கு அல்ல. ஜவ்வாது மலையில் சந்தனத்தைத் திருட்டுத்தனமாக வெட்டிக் கடத்தியது ஊரறிந்த சமாசாரம். வெட்டியதற்குப் பதில் ஒரு கன்றை நட்டுவிட்டால் தீர்ந்ததா? சந்தனக் கன்று தன்னந்தனியே செழிக்காது. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டிச் சத்தை உறிஞ்சித்தான் வளரும். நடுக்கட்டை வைரம் பாய்ந்து நன்றாக மணம் ஏறப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். வெட்டுகிறவனுக்கோ ஓர் இரவு போதும்.

பட்டியலில் அடுத்து நிற்கும் அகிலுக்கும் இதே கதிதான். அஸ்ஸாம் காடுகளின் அகில் மரம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதையும் கழித்துவிட்டால் வராகமிகிரரின் 1820-இல் மிஞ்சுவது 1001.