‘பெர்ஹெந்தி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்!

தோட்டம் வீடமைப்புக்குப் போகிறது என்று பேச்சுக் கிளம்பியதும் ஆபீசிலிருந்து ஆள் வரும். “வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, சும்மா ஃபாரம்தான்” என்பார் கிராணி. மலாயில் நாலு வரி டைப் அடித்திருக்கும். நம்மவர்களும் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பிறகு சொக்சோவில் வேலையிழப்புத் தொகைக்கு மனுச் செய்தால், ‘தாமாகவே வேலையை விட்டவர், தொகை இல்லை’ என்று பதில் வருகிறது.

அந்த நாலு வரியில் ஒரே ஒரு சொல்லைக் கவனியுங்கள். ‘பெர்ஹெந்தி’ என்றால் நானாக நின்றுகொண்டேன் என்று பொருள். ‘டிபெர்ஹெந்திகான்’ என்றால் என்னை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் ‘சுக்காரேலா’ என்றும் இருந்தால், மனம் விரும்பியே போகிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பால்வாளி தூக்கியே ஆயுளைக் கழித்தவர், லயத்து வீட்டையும் விட்டு, மனம் விரும்பியா போவார்?

சம்பளச் சீட்டில் ‘எஸ்.ஐ.பி.’ என்று ஒரு பிடித்தம் இருக்கும். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு மாதம் மூன்று வெள்ளிச் சொச்சம்; முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டம் அதுதான். 2019 முதல் வேலை தேடும் காலத்துக்கு அலவன்ஸ் கொடுக்கிறார்கள். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அதன் பிறகு இன்னும் குறைவு என்றுதான் அதைத் தொடங்கினார்கள். இது யாரும் போடும் பிச்சையல்ல, நம் சம்பளத்தில் பிடித்த காசு. ஆனால் தானாக வேலையை விட்டவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், ஒப்பந்தம் முடிந்து போனவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும் கிடையாது.

நஷ்டம் அதோடு நிற்பதில்லை. தீபகற்பத்தில் 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்பில் போகிறவருக்கு நஷ்ட ஈடு உண்டு. ஓராண்டு முடித்து இரண்டாண்டுக்கு உட்பட்டவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 15 நாள், அதற்கு மேல் 20 நாள். 18 ஆண்டு வெட்டியவருக்கு 360 நாள் சம்பளம்! எட்டு வார முன்னறிவிப்பும் அவருக்கு உண்டு. ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் இவ்வளவும் கைநழுவும். கிராணி இதைச் சொல்ல மாட்டார். அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

“போட்டுட்டேனே, இப்ப என்ன செய்ய?” என்று கேட்பவர்களுக்கு: அதோடு கதை முடியவில்லை. நிராகரித்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம். மிரட்டலால் விலகியவரைத் தானாக விலகியவராகச் சட்டம் எண்ணுவதில்லை. ஆகவே அன்று நடந்ததை அப்படியே எழுதுங்கள். “கையெழுத்துப் போடலேன்னா வீட்டைக் காலி பண்ணுன்னு சொன்னாங்க” என்றால், அதை யார் சொன்னது, எந்தத் தேதி, பிரட்டிலா ஆபீசிலா, கூட நின்றது யார் என்று எழுத வேண்டும். “ஏழைங்க ஐயா, பார்த்துச் செய்யுங்க” என்று மட்டும் எழுதினால் பயனில்லை.

கூட வேலை செய்தவர்களின் கடிதங்களையும் சேர்த்து வையுங்கள். ஒரே தேதி, ஒரே வாசகம், இருபது கையெழுத்து! இருபது பேருக்கும் ஒரே நாளில் வேலை கசந்ததா? இன்னொன்று ‘பி.கே.’ ஃபாரம். ஆட்குறைப்பு செய்யும் முதலாளி 30 நாளைக்கு முன்பே அதைத் தொழிலாளர் இலாகாவிடம் கொடுக்க வேண்டும். உங்கள் தோட்டம் அதைக் கொடுத்திருந்தால், ‘தானாகப் போனார்கள்’ என்ற பேச்சு எடுபடாது. நஷ்ட ஈட்டுப் புகாரும் அந்த இலாகாவில்தான். போகும்போது இதையும் விசாரித்து வாருங்கள்.

நாள் கடத்த வேண்டாம். வேலை போனதிலிருந்து 60 நாளுக்குள் சொக்சோ கவுண்டரில் மனு இருக்கட்டும். நியாயமின்றி நீக்கினார்கள், வேலையே திரும்ப வேண்டும் என்பவருக்கும் அதே 60 நாள்தான் கெடு. ஆனால் அது தொழில் உறவு இலாகாவில். இரண்டும் ஒன்றென்று நினைத்து ஒரே இடத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

ஐ.சி., பேங்க் புத்தகம், சம்பளச் சீட்டுகள், நிறுத்தக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, படித்த பிள்ளை ஒன்றையும் கூட்டிப் போங்கள். சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் நம் பெரியவர்கள் “எனக்கெல்லாம் கிடைக்காது” என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். நிரந்தரவாசிகளுக்கும் இந்தத் திட்டம் உண்டு.