முதிய தகப்பனின் வேண்டுதலில் பிறந்த யஹ்யா

மக்காவில் அடியும் உதையும் தாங்காமல் கி.பி. 615 வாக்கில் முஸ்லிம்களில் சிலர் செங்கடலைத் தாண்டி அபிசீனியாவுக்குப் போனார்கள். அந்நாட்டு அரசர் நஜாஷி கிறிஸ்தவர். அகதிகளைத் திருப்பி அழைத்துவர மக்காவின் குறைஷிக் குலத்தார் தோல் பொருட்களைக் காணிக்கையாகக் கொடுத்து இரண்டு தூதர்களை அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் அம்ர் இப்னுல் ஆஸ், பேச்சில் வல்லவர். அரசவையில் விசாரணை நடந்தது. அகதிகளின் தரப்பில் நபிகளாரின் பெரியப்பா மகன் ஜஃபர் இப்னு அபீ தாலிப் எழுந்து பேசினார். உங்கள் நபிக்கு இறங்கிய வேதத்தில் ஏதாவது நினைவிருக்கிறதா என்று நஜாஷி கேட்டார். ஜஃபர் ஓதத் தொடங்கியது குர்ஆனின் மர்யம் (மரியா) என்ற அத்தியாயத்தின் ஆரம்பப் பகுதியை. அரசரின் தாடி நனைந்தது, அருகிலிருந்த ஆயர்கள் விரித்து வைத்திருந்த ஏடுகளும் கண்ணீரில் நனைந்தன என்று இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு சொல்கிறது. இதுவும் ஈஸா, அதாவது இயேசு, கொண்டுவந்ததும் ஒரே விளக்கிலிருந்து வந்த வெளிச்சம் என்ற கருத்தில் நஜாஷி தீர்ப்புச் சொல்லி, அகதிகளை ஒப்படைக்க மறுத்துவிட்டார்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மர்யமைப் பற்றியும் ஈஸாவைப் பற்றியும்தான் பேசுவார்கள். ஆனால் அந்த அத்தியாயத்தைத் திறந்தால் முதலில் எதிர்ப்படுபவர் மர்யம் அல்ல. ஒரு கிழவர். பிள்ளையில்லாத ஸகரிய்யா. அவருடைய வேண்டுதலும், அந்த வேண்டுதலுக்குப் பதிலாகப் பிறந்த யஹ்யாவும்தான் முதல் 15 வசனங்கள். ஆரம்பத்திலிருந்து ஓதினார் என்றால், அந்தக் கிறிஸ்தவ அரசவையின் காதில் முதலில் விழுந்தது கிறிஸ்தவர்கள் திருமுழுக்கு யோவான் என்று கொண்டாடும் மனிதரின் பிறப்பு. இஸ்லாமும் கிறிஸ்தவமும் பகிர்ந்துகொள்ளும் நபிமார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஈஸாவிடம் போய் நிற்கிறோம், அங்கேயே விவாதமும் தொடங்கிவிடுகிறது. நான் யஹ்யாவிடம் நிற்க விரும்புகிறேன். ஒரே மனிதரை இரண்டு மார்க்கங்கள் எவ்வளவு நெருக்கமாகவும், எவ்வளவு வேறாகவும் நேசிக்க முடியும் என்பதை அவரிடம்தான் தெளிவாகப் பார்க்கிறேன்.

முதலில் தகப்பனார். குர்ஆனில் ஸகரிய்யா சத்தமில்லாமல் இறைவனை அழைக்கிறார். எலும்புகள் தளர்ந்துவிட்டன, தலை முழுக்க நரை பரவிவிட்டது, மனைவிக்குப் பிள்ளைப்பேறு இல்லை, எனக்குப் பின் வருபவர்களை நினைத்தால் அச்சமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அதே மூச்சில், உன்னை அழைத்து நான் என்றும் ஏமாந்ததில்லை என்றும் சொல்கிறார். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு வயதான ஒருவர் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும் பிரார்த்தனையைக் கேட்டவர்களுக்கு இது நெஞ்சில் தைக்கும்.

இந்த வேண்டுதல் எங்கிருந்து பிறந்தது என்பதை ஆல இம்ரான் அத்தியாயம் சொல்கிறது. சிறுமி மர்யமை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுதுகோல்களை எறிந்து சீட்டுப்போட்டதில் அது ஸகரிய்யாவுக்கு வந்தது. தொழுகை மாடத்தில் இருந்த அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவளிடம் உணவு இருந்தது. கோடையில் குளிர்காலப் பழமும் குளிர்காலத்தில் கோடைப் பழமும் இருந்ததாக விரிவுரையாளர்கள் விவரிப்பார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இறைவனிடமிருந்து என்று அந்தச் சிறுமி சாதாரணமாகச் சொன்னாள். அந்த இடத்திலேயே கிழவருக்கு ஆசை துளிர்த்துவிட்டது. பருவம் தப்பிய பழத்தைத் தருபவனால் பருவம் தப்பிய பிள்ளையைத் தர முடியாதா? ஒரு நபி தன் பொறுப்பில் வளரும் பெண்குழந்தையிடமிருந்து நம்பிக்கையைக் கற்றுக்கொண்டார் என்பது இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழவைக்கும் இடம். துருக்கியில் உஸ்மானியர் கட்டிய பள்ளிவாசல்கள் பலவற்றில் இமாம் நிற்கும் மாடத்துக்கு மேலே, ஸகரிய்யா மர்யமின் மாடத்துக்குள் நுழைவதைச் சொல்லும் வசனம்தான் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த வரிசையில் நின்று தொழுபவர்களின் முகத்துக்கு நேரே இருப்பது இந்தக் கிழவரும் இந்தச் சிறுமியும்தான்.

லூக்கா நற்செய்தியில் இதே செய்தி எருசலேம் ஆலயத்துக்குள் நடக்கிறது. அங்கே செக்கரியா என்று அழைக்கப்படும் ஸகரிய்யா தூபம் காட்டிக்கொண்டிருக்கும்போது கபிரியேல் தோன்றுகிறார். செக்கரியா நம்பத் தயங்குகிறார். தயங்கியதற்காக, பிள்ளை பிறந்து பெயரிடும் நாள் வரைக்கும் பேச்சிழந்து போகிறார். குர்ஆனிலும் அவர் வாய் மூடுகிறது, ஆனால் மூன்று நாள் மட்டும். அதுவும் தண்டனையாக அல்ல, ஓர் அடையாளம் வேண்டும் என்று அவரே கேட்டதால். உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் மனிதர்களிடம் பேச்சு நின்றிருக்கும், சைகையால்தான் பேச வேண்டும், இறைவனை மட்டும் நிறைய நினைவுகூர வேண்டும். ஒரே மௌனம், அங்கே கண்டிப்பு, இங்கே கொடை. பெயர் விஷயத்திலும் இரண்டு வேதங்களும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெயராயிற்றே என்று லூக்காவில் உறவினர்கள் தடுக்கிறார்கள், செக்கரியா பலகையில் எழுதிக் காட்டுகிறார். குர்ஆனில் இதற்கு முன் யாருக்கும் இந்தப் பெயரை வைத்ததில்லை என்று இறைவனே சொல்லி, தானே பெயரிடுகிறான்.

பிள்ளை வளர்ந்த பிறகுதான் பாதைகள் விலகுகின்றன.

நற்செய்திகள் காட்டும் யோவானை நாம் அறிவோம். ஒட்டக மயிராடை, தோல்கச்சை, வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும், யோர்தான் ஆறு. வந்தவர்களை விரியன் பாம்புக் குட்டிகளே என்று விளிக்கும் குரல், மரத்தின் வேரில் வைக்கப்பட்ட கோடரி. பிறகு ஏரோதின் விருந்து, பெண்ணின் நடனம், தட்டில் வந்த தலை. ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வரைந்து தீராத காட்சிகள் இவை. குர்ஆனில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆறு இல்லை, அரசன் இல்லை, நடனம் இல்லை, வாள் இல்லை. யஹ்யாவின் பெயர் வருவதே ஐந்து இடங்களில்தான். அந்தச் சொற்ப இடத்தில் குர்ஆன் சொல்லத் தேர்ந்தெடுத்தது அவருடைய குணத்தை. வேதத்தை உறுதியாகப் பற்றிக்கொள் என்ற கட்டளை, சிறு வயதிலேயே கொடுக்கப்பட்ட ஞானம், இறைவனிடமிருந்து வந்த இளகிய மனம், தூய்மை, இறையச்சம். தாய் தகப்பனுக்கு நன்மை செய்பவராக இருந்தார், அடக்கி ஆள்பவராகவோ மாறு செய்பவராகவோ இல்லை. பிறந்த நாளிலும் இறக்கும் நாளிலும் உயிரோடு எழுப்பப்படும் நாளிலும் அவர்மீது ஸலாம், அதாவது சாந்தி.

இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த இளகிய மனம் என்ற இடத்தில் நின்றுவிடுவேன். நற்செய்திகளில் பாலைவனத்தில் இடியாக முழங்குபவர், இங்கே பெற்றோருக்கு இதமான பிள்ளை. இதில் எந்தப் படம் சரி என்று வழக்காடுவது வீண். லூக்கா யோவானை ஒரு பெரிய வரலாற்றின் வாசலில் நிறுத்துகிறார், அதனால் குரல் தேவைப்படுகிறது. மர்யம் அத்தியாயமோ ஒரு கிழவரின் ஏக்கத்திலிருந்து தொடங்குகிறது. அந்த ஏக்கத்துக்குத் தக்க பதில், அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகன்தான்.

பிற்கால முஸ்லிம் இலக்கியம் குர்ஆன் விட்ட இடங்களைத் தன் வழியில் நிரப்பிக்கொண்டது. விளையாட வா என்று பிள்ளைகள் கூப்பிட்டபோது, நாம் விளையாட்டுக்காகப் படைக்கப்படவில்லையே என்று சிறுவன் யஹ்யா சொன்னதாகத் தஃப்ஸீர்கள் என்னும் குர்ஆன் விரிவுரைகள் எழுதுகின்றன. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா என்ற நூலில் எடுத்தாளும் ஒரு கதையில் யஹ்யா அழுது அழுது கன்னத்துச் சதை கரைந்துபோகிறது. தாயார் இரண்டு கம்பளத் துண்டுகளைக் கன்னங்களில் ஒட்டிவைக்கிறார். அவை கண்ணீரில் ஊறியதும் எடுத்துப் பிழிகிறார். நடந்ததா என்று ஆராய்வதற்காகச் சொல்லப்பட்ட கதை இல்லை இது. இறையச்சம் ஒரு மனிதனை எப்படி உருக்கும் என்பதற்கு ஆள் வேண்டியிருந்தது, யஹ்யா கிடைத்தார். துறவியரின் பேச்சில் அவர் அழுகையின் நபி ஆனார். அவர் மணம் செய்துகொள்ளாதவர் என்று குர்ஆன் விரிவுரையாளர்கள் கொள்கிறார்கள். திருமணத்தை நபிவழி என்று போற்றும் மார்க்கத்தில் இது கொஞ்சம் சங்கடமான செய்தி. காழி இயாழ் போன்றவர்கள் அது இயலாமையல்ல, மனவலிமை என்று கவனமாக விளக்கினார்கள்.

அவருடைய மரணத்தையும் அந்த இலக்கியம் மறக்கவில்லை. முறையற்ற திருமணத்தைக் கண்டித்ததற்காக ஓர் அரசன் அவர் தலையை எடுத்தான் என்ற கதை தபரியின் வரலாற்றில் இருக்கிறது. சிந்திய இரத்தம் அடங்காமல் கொதித்தது, பழிவாங்க பாபிலோனிலிருந்து புக்து நஸ்ஸர் (நேபுகாத்நேச்சார்) வந்தான் என்று ஒரு சாரார் சொன்னதைப் பதிவுசெய்துவிட்டு, அந்த மன்னன் நூற்றாண்டுகளுக்கு முன்னவன், கணக்கு ஒத்துவராது என்பதையும் தபரி சேர்த்தே எழுதிவைத்தார்.

டமாஸ்கஸ் நகரில் இந்த நினைவு கல்லாகவே நிற்கிறது. முதலில் ஹதாத் என்ற தெய்வத்தின் கோயில், ரோமர் காலத்தில் ஜூபிடர் கோயில், நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித யோவான் பேராலயம், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமைய்யா கலீஃபா அல்வலீத் எழுப்பிய பெரிய பள்ளிவாசல். கட்டுமானத்தின்போது நிலத்தடியில் ஓர் அறையும் அதில் ஒரு பேழையும் கிடைத்தன, உள்ளே யஹ்யாவின் தலை இருந்தது, அதை அங்கேயே பேணும்படி கலீஃபா உத்தரவிட்டார் என்பது பழைய அறிவிப்பு. இன்று தொழுகைக் கூடத்துக்குள்ளேயே பச்சைக் கண்ணாடி பதித்த பளிங்கு மாடம் நிற்கிறது. 1893 தீ விபத்துக்குப் பிறகு திரும்பக் கட்டியது. ரோமிலும் பிரான்சின் அமியான் நகரிலும்கூட இதே தலை தங்களிடம் இருப்பதாகத் தேவாலயங்கள் சொல்கின்றன. அதைப் பற்றிக் கவலைப்படாமல் டமாஸ்கஸில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இங்கே வந்து நின்றிருக்கிறார்கள். 2001 மே 6 அன்று போப் இரண்டாம் ஜான் பால் வந்தார். பள்ளிவாசல் ஒன்றுக்குள் அடியெடுத்துவைத்த முதல் போப் அவர். எண்பது வயதுக்காரர் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து, யஹ்யாவின் மாடத்துக்கு முன்னால் மௌனமாக நின்றார். சிரியாவின் தலைமை முஃப்தி அஹ்மத் குஃப்தாரோ உடனிருந்தார்.

அதே பள்ளிவாசலின் கிழக்குப் பக்கத்தில், 680இல் கர்பலாவில் கொல்லப்பட்ட இமாம் ஹுசைனின் தலை வைக்கப்பட்டிருந்ததாகச் சொல்லப்படும் இடமும் இருக்கிறது. ஷியா மரபு யஹ்யாவையும் ஹுசைனையும் இணைத்தே பேசும். இருவர் தலையும் ஒரு கொடியவனுக்கு முன் வைக்கப்பட்டது என்று அங்கே வரும் யாத்திரிகர்கள் நினைத்து அழுவார்கள். தென்கிழக்கு மூலையில் உயரும் மினாராவுக்கு ஈஸாவின் பெயர். இறுதிக்காலத்தில் அவர் டமாஸ்கஸின் கிழக்கே வெள்ளை மினாராவில் இறங்குவார் என்ற நபிமொழியை மக்கள் இதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அப்படி ஒரே வளாகத்தில் யஹ்யாவும் ஈஸாவும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இஸ்லாத்தின் பார்வைக்கும் பொருந்துகிறது. கிறிஸ்தவத்தில் யோவான் முன்னோடி. இன்னொருவருக்கு வழியைச் சீர்செய்ய வந்தவர். அவர் வளர வேண்டும், நான் குறைய வேண்டும் என்று தானே ஒதுங்கிக்கொள்பவர். அந்தப் பணிவில் கிறிஸ்தவர்கள் காணும் பெருமை மிகப் பெரியது. இயேசுவையும் மரியாவையும் தவிர, மண்ணில் பிறந்த நாளைத் திருச்சபை விழாவாகக் கொண்டாடுவது இவருக்கு மட்டும்தான், ஜூன் 24இல். இஸ்லாத்தில் யஹ்யா யாருக்கும் வாசல் திறந்துவிட்டுப் போனவர் அல்ல. இறைவனிடமிருந்து வரும் வார்த்தையை, அதாவது ஈஸாவை, மெய்ப்பிப்பவர் என்று குர்ஆன் அவரைச் சொல்கிறது. ஆனாலும் அவர் தன்னளவில் முழுமையான நபி, தலைவர். யோர்தானில் ஈஸாவுக்கு முழுக்குக் கொடுத்த காட்சி இங்கே இல்லாததற்கும் காரணம் புரிகிறது. ஆதிப் பாவம் என்ற கொள்கை இஸ்லாத்தில் இல்லை. பிள்ளை தூய இயல்போடுதான் பிறக்கிறது. வானம் திறந்து மகன் என்று அறிவிக்கும் குரலுக்கும் இங்கே இடமில்லை. அந்த ஆற்றங்கரைதான் இரண்டு மார்க்கங்களும் பிரியும் இடம், அதை மூடி மறைத்துப் பேசுவது இரு தரப்புக்கும் மரியாதை செய்வதாகாது.

மிஃராஜ் என்னும் விண்ணேற்றப் பயணத்தில் நபிகளார் இரண்டாம் வானத்தில் யஹ்யாவையும் ஈஸாவையும் சேர்த்துக் கண்டார், அவர்கள் பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள் என்கிறது புகாரியின் தொகுப்பில் உள்ள நபிமொழி. திர்மிதியின் தொகுப்பில் இன்னொன்று. இஸ்ரவேலருக்குச் சொல்லும்படி ஐந்து கட்டளைகள் யஹ்யாவுக்கு வந்தன. இணைவைக்காதீர்கள், தொழுங்கள், நோன்பு வையுங்கள், தர்மம் செய்யுங்கள், இறைவனை நினைவுகூருங்கள். யஹ்யா கொஞ்சம் தாமதித்தார். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று ஈஸா வந்து கேட்டார். நீங்கள் முந்திக்கொண்டால் நான் தண்டிக்கப்படுவேனே என்று பயந்த யஹ்யா, பைத்துல் முகத்தஸ் நிரம்பி வழியும் அளவுக்கு மக்களைக் கூட்டிப் பேசினார். வழி சீர்செய்தவர், பின்னால் வந்தவர் என்ற பேச்சே இதில் இல்லை. கடமை தவறிவிடக் கூடாதே என்று ஒருவரையொருவர் தூண்டும் இரண்டு சகோதரர்கள்தான் தெரிகிறார்கள்.

இருவரில் யார் உயர்ந்தவர் என்ற கேள்வியும் ஆரம்பகால முஸ்லிம்களுக்கு வராமலில்லை. பஸராவின் ஹஸன் சொன்னதாகத் தபரி ஒரு சந்திப்பைத் தருகிறார். எனக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள், நீங்கள் என்னைவிடச் சிறந்தவர் என்று ஈஸா சொல்கிறார். இல்லை, நீங்கள்தான் சிறந்தவர், எனக்காகக் கேளுங்கள் என்கிறார் யஹ்யா. ஈஸா விடவில்லை. மர்யம் அத்தியாயத்தில் இரண்டு ஸலாம்கள் இருக்கின்றன. தொட்டிலில் பேசிய குழந்தை ஈஸா, பிறந்த நாளிலும் இறக்கும் நாளிலும் எழுப்பப்படும் நாளிலும் என்மீது ஸலாம் என்று தானே சொல்லிக்கொள்கிறது. யஹ்யாவுக்கோ அதே மூன்று நாளுக்கும் இறைவன் சொல்கிறான். அதைக் காட்டித்தான் ஈஸா வழக்கை முடிக்கிறார்: எனக்கு நானே ஸலாம் சொல்லிக்கொண்டேன், உங்களுக்கு அதை இறைவன் சொன்னான்.