மகப்பேற்றுப் பத்தியமும் தாயின் மனநலமும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காயம் அரைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்றுமுண்டு. இதனை மூடப் பழக்கமென்று இகழ்வாருமுளர். இதற்கு மேல் மருந்தில்லையென்று புகழ்வாருமுளர். இது தாயின் உடலிலும் உள்ளத்திலும் எவ்வாறு தொழிற்படுகின்றதென ஆராய்வோர் மிகச் சிலரே.

பேற்றுக்குப் பின்னுள்ள ஒன்றரை மாதத்தை ஆயுர்வேத நூலார் சூதிகைக் காலமென்பர். பேற்றின் வருத்தத்தாலும் குருதியிழப்பாலும் அக்காலத்தில் வாதம் மிகும். வாதம் மிகின் உறக்கங் குன்றும், அச்சமுங் கலக்கமுந் தோன்றும் என்பது அவர் கொள்கை. சித்த மருத்துவமும் இதனோடு பெரிதும் உடன்படும். ஆதலின் வெம்மையும் நெய்ப்பும் உடையனவாய், எளிதிற் செரிப்பனவாய் உள்ள உணவுகள் விதிக்கப்பட்டன. மிளகு, மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு, நற்சீரகம், மல்லி முதலியவற்றை அரைத்துச் செய்வதே காயம். (பெருங்காயம் வேறு.) நல்லெண்ணெய், முருங்கையிலை, பால்சுறா, வாவியிற் பிடிபடும் சிறுமீன் என்பன ஏற்றவை, இறாலும் நண்டும் கிரந்தியென விலக்கப்படும். நொச்சி, வேம்பு, பாவட்டை ஆகியவற்றின் இலைகளை அவித்த நீரில் தாயைக் குளிப்பாட்டுவர்.

உடலின் ஒரு பகுதியிற் சுரந்து, குருதிவழிச் சென்று, பிறிதொரு பகுதியை இயக்குஞ் சாறுகளுக்கு ஓமோன் என்னும் பெயரை 1905ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர் ஏர்னெஸ்ட் ஸ்ராலிங் வழங்கினார். கருவுற்ற காலத்தில் ஈஸ்திரசன், புரோசெஸ்திரோன் என்னும் இரு ஓமோன்களைப் பெருமளவிற் சுரப்பது நஞ்சுக்கொடியே. அது வெளியேறியதும் அவ்விரண்டும் சில நாட்களுள் மிகத் தாழ்கின்றன. 3ஆம் 5ஆம் நாட்களுக்கிடையே காரணமின்றித் தாய் கண்ணீர் விடுதலை மருத்துவர் இவ்வீழ்ச்சியோடு தொடர்புபடுத்துவர். மிளகும் உள்ளியும் இவ்வீழ்ச்சியைத் தடுக்குமெனக் கூறுவதற்கில்லை. ஆனால், குழந்தை பாலுண்ணும்போது தாயின் கபச்சுரப்பியிலிருந்து வரும் புரோலக்ரின் பாலைச் சுரப்பிக்க, ஒட்சிரோசின் அதனை வெளிப்படுத்துகின்றது. அச்சமும் நோவும் ஒட்சிரோசினைத் தடுப்பன. வயிறார உண்டு, வெந்நீராடி, பிள்ளையைப் பிறர் பார்த்துக்கொள்ள அயர்ந்துறங்கும் தாய்க்கு அத்தடை குறைகின்றது. சரக்கின் குணத்தைக் காட்டிலும் அதனை அரைத்துக் கொடுப்பவர் அருகிருத்தலே பெரிதென்று துணியலாம்.

அவ்வாறு அருகிருப்பவர் யாவர்? இப்பகுதியிற் குடி தாய்வழியே வருவது. மணமான பெண் பெரும்பாலும் தாய்வீட்டிலோ அதன் அயலிலோ வாழ்வாள். கணவனே அங்கு வந்து சேர்வான். அக்கரைப்பற்றை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரித்துரைத்துள்ளார். ஆகவே பேறான பெண்ணுக்குத் தாயும் தமக்கையும் கூப்பிடு தூரத்தில் இருப்பர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2009 வரை நீடித்த போரும் பல ஊர்களில் இவ்வமைப்பைச் சிதைத்தன. அன்னை வளைகுடா நாடொன்றிற் பணிப்பெண்ணாயிருக்க, மகள் இங்கே துணையின்றிப் பிள்ளை பெறுதலுமுண்டு. கடையில் வாங்குஞ் சரக்குத்தூள் அவ்வன்னையின் இடத்தை நிரப்பமாட்டாது.

பத்தியத்திற் குற்றமுமுண்டு. வயிறு பெருக்குமென்று நீரைக் குறைத்தல் பால் கொடுப்பவளுக்குத் தீங்காகும். காய்கனிகளை நாட்கணக்கில் விலக்குவதும் அன்னதே. இவற்றினுங் கொடியது, துயர் நீளும்போது அதனைப் பேய்க்கோளாறென்றோ சோம்பலென்றோ கூறி மறைத்தல். முதல்வாரக் கண்ணீர் பெரும்பாலும் இரு வாரத்துள் ஓயும். ஓயாதாயின் அது நோயெனக் கொண்டு மருத்துவரை நாடவேண்டும். கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி பேற்றின்பின் அழற்சியுறினுஞ் சோர்வுங் கலக்கமுந் தோன்றும். அதனைத் தெளிய அறியக் குருதிச் சோதனை வேண்டும். எடின்பரோப் பெயரால் வழங்கும், 1987இல் வெளிவந்த 10 வினாக்கள் கொண்ட பட்டியல் தாயின் மனச்சோர்வைக் கண்டறிய இலங்கையிலும் பயன்படுகின்றது. உறக்கமே இன்றி, இல்லாததைக் கண்டுங் கேட்டும், தனக்கோ பிள்ளைக்கோ தீங்கிழைக்க எண்ணுந் தாயை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். ஏனையோர், குடும்பநல மாது பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் நாளில், தம் உறக்கத்தையும் அழுகையையும் பற்றிக் கூறலாம். மருந்து தொடங்கியவள் பத்தியத்தை அறவே கைவிட வேண்டுவதில்லை. தான் உண்ணுஞ் சரக்குகள் இவையென்று மருத்துவரிடஞ் சொல்லி, அவர் விலக்குவதை மட்டும் விலக்கினாற் போதும்.