ஏவலாளுக்கும் உணவு வேண்டும்

வாகனங்களும் கைக்கடிகாரங்களும் உருவாகும் ஓசூரின் தொழில்வளம் அஞ்செட்டி போன்ற மலையூர் மாணவர்களையும் பொறியியல் கனவு காணச் செய்துள்ளது. 2016-இல் தொடங்கிய அடல் ஆய்வகத் திட்டத்தால் பள்ளிப் பிள்ளைகளும் சிறு எந்திரக் கைகளை அமைக்கின்றனர். அக்கைகளின் மூட்டுகளாக விளங்குபவை செர்வோ மோட்டார்கள்.

‘செர்வோ’ என்பதன் இலத்தீன் வேர்ச்சொல்லுக்கு அடிமை, ஏவலாள் என்பன பொருள். ஏவிய கோணத்திற்குத் திரும்பி நிற்பதே இதன் பணி. பணியாளரைப் பசித்திருக்க விடலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. இவ்வேவலாளுக்கு உணவு மின்சாரமே.

சிறு செர்வோவிற்கு 4.8 முதல் 6 வோல்ட் வரை தேவை. ஓய்வில் சில மில்லி ஆம்பியரே கொள்ளும் அது, புறப்படும்போதும் தடைபட்டு நிற்கும்போதும் பல நூறு மில்லி ஆம்பியர் கேட்கும். கணினியின் பழைய வகை யு.எஸ்.பி. வாயில் தருவதோ 500 மில்லி ஆம்பியர். நான்கு மோட்டார்கள் ஒருங்கே அசைந்தால் மின்னழுத்தம் சரியும், ஆர்டுயினோ பலகை நின்று மீண்டும் தொடங்கும், கை நடுங்கும். மாணவனோ தான் எழுதிய நிரலை ஐயுறுவான்.

உண்மையை அறிவது எளிது. ஒரு மோட்டாரை மட்டும் இணைத்து இயக்குக. நடுக்கம் நின்றால், ஐயுற வேண்டியது நிரலை அன்று, மின்னூட்டத்தை. கை அசையும்போது மோட்டார் முனையில் மல்டிமீட்டர் 4.8 வோல்ட்டுக்குக் கீழ்க் காட்டின் ஐயம் உறுதியாகும்.

தீர்வு மூன்று. முதலாவது, மோட்டார்களுக்குப் போதிய மின்னோட்டம் தரும் தனி மின்மூலம். 9 வோல்ட் சதுர மின்கலம் இதற்கு உதவாது. இரண்டாவது, அதன் எதிர்முனையைப் பலகையின் எதிர்முனையோடு இணைத்தல். பொது அடித்தளம் இன்றேல் பலகையின் ஆணை மோட்டாருக்கு விளங்காது. மூன்றாவது, மோட்டார்களின் அருகே 470 அல்லது 1000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. முனை மாறாமல் இணைத்தல் இன்றியமையாதது. இத்தனைக்குப் பின்னும் மோட்டார் முனகிச் சூடேறினால், சுமை மிகுதியோ மூட்டின் இறுக்கமோ காரணமாகலாம்.

1206-இல் தம் பொறிநூலை முடித்த அல் ஜஸரி, நீர்க்கடிகாரத்தில் நீர் ஒரே சீராக ஒழுக மிதவை அடைப்பான் அமைத்தார். பொறியின் அழகுக்கு முன்னே அதன் ஊட்டத்தைச் சீராக்கினார் அப்பெரியார்.

நல்ல மோட்டாரைப் பழுதென்று எறிபவனுக்குப் பணம் மட்டுமா இழப்பு? ‘என்னால் இயலாது’ என்னும் எண்ணம் அதனினும் பெரிய இழப்பன்றோ! பல வேளைகளில் குறை அறிவில் இல்லை, ஊட்டத்திலேயே உள்ளது. மாணவர்க்கும் இது பொருந்துமென ஆசிரியரும் பெற்றோரும் உணர்வாராக.