கேபிளிலும் கவரிங் உண்டு!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இன்று இருந்திருந்தால், "ரவுட்டரை மாட்டிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்! கூடத்துச் சுவரில் பெட்டியை மாட்டியாயிற்று. பச்சை விளக்கும் கண் சிமிட்டுகிறது. மாதா மாதம் பணமும் தவறாமல் போகிறது. ஆனால், உள் அறையில் பையன் பரீட்சைக்குப் பாடம் கேட்கும் நேரம் பார்த்துத் திரை அப்படியே நின்றுவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பேத்தியின் முகம் பாட்டியின் கண்ணெதிரே கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. உடனே வீட்டில் எல்லாரும் கூடி, இணைப்புக் கொடுத்த கம்பெனியைத் திட்டித் தீர்க்கிறோம்.

கம்பெனி எப்பொழுதும் குற்றவாளி அல்ல. சில வீடுகளில் உண்மையான குற்றவாளி, அலமாரிக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் ஒரு கேபிள்தான்!

"எல்லாம் வைஃபை ஆகிவிட்டதே, இன்னும் கேபிள் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கைப்பேசிக்கு வேண்டாம், வாஸ்தவம். ஆனால் வைஃபை அலை ஒவ்வொரு சுவரையும் தாண்டும்போது வலுவை இழக்கிறது. செங்கல்லும் கான்கிரீட்டும் அதற்குப் பெரிய விரோதிகள். ஆகவே இடம் விட்டு நகராத சாமான்களான டெலிவிஷன், மேஜைக் கம்ப்யூட்டர், வாசல் காமிரா, பின் அறையில் வைக்கும் இரண்டாவது வைஃபைப் பெட்டி ஆகியவற்றுக்கு லேன் கேபிளே உத்தமம்.

பூனையா, எண்ணா?

கடையில் போய்க் கேட்டால், "கேட் 5ஈ வேண்டுமா, 6 வேண்டுமா, 6ஏ வேண்டுமா, 8 வேண்டுமா?" என்று அடுக்குவார்கள். இந்தக் 'கேட்' பூனை அல்ல. 'காடகரி', அதாவது தரவகை என்பதன் சுருக்கம். எண் ஏற ஏற விலையும் ஏறும். "பெரிய எண்ணாகவே கொடுங்கள்" என்று அவசரப்பட்டுவிடாதீர்கள்.

கணக்கு இவ்வளவுதான். கேட் 5ஈ, 100 மீட்டர் தூரம் வரை வினாடிக்கு 1 கிகாபிட், அதாவது 1,000 மெகாபிட் வேகத்தைச் சுமக்கும். கேட் 6 அதே வேகத்தைச் சிரமமின்றிச் சுமப்பதோடு, ஏறக்குறைய 55 மீட்டர் வரை 10 கிகாபிட்டும் கொண்டு செல்லும். 6ஏ அந்தப் 10 கிகாபிட்டை 100 மீட்டர் வரை கொண்டு போகும். கேட் 8 என்பது கம்ப்யூட்டர்களை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் டேட்டா சென்டர்களுக்காகப் பிறந்தது. அதன் முழு வேகமும் 30 மீட்டருக்குள்தான். கேட் 7 என்ற வகையையோ, அமெரிக்காவில் இத்தகைய கேபிள்களுக்குத் தரம் வகுக்கும் டி.ஐ.ஏ. சங்கம் தன் வரிசையில் சேர்க்கவே இல்லை.

சாதாரணக் குடும்பத்துக்கு வரும் இணைப்பு 1 கிகாபிட்டுக்குள் அடங்கிவிடும். எனவே சுவருக்குள் நல்ல 5ஈ கேபிள் ஏற்கெனவே இருந்தால் அதை உடைத்து எடுக்க வேண்டாம். புதிதாகப் போடுகிறவர்கள் கேட் 6 வாங்கினால் போதும். விலை வித்தியாசம் அதிகமில்லை. பல வருஷங்களுக்குக் கவலையும் இல்லை.

எட்டில் ஒன்று அறுந்தால்?

கேபிளின் தோலை உரித்துப் பார்த்தால், தலைமயிரைப் புரி போட்டது போல் இரண்டிரண்டாக முறுக்கிய எட்டுக் கம்பிகள் இருக்கும். அந்த முறுக்கு அழகுக்காக அல்ல. பக்கத்துக் கம்பிகளின் இரைச்சல் உள்ளே நுழையாமல் தடுப்பது அதுதான். டெலிபோன் புகழ் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் 1881-ஆம் வருஷத்திலேயே இந்த யுக்திக்குப் பேடண்ட் வாங்கியிருக்கிறார்!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு கம்பிகளே போதும். 1 கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எட்டில் ஒன்று உள்ளே அறுந்தாலும் இணைப்பு முழுவதும் செத்துப் போவதில்லை. பல சமயங்களில் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடுகிறது. நீங்கள் 300 மெகாபிட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். கேபிள் வழியே வருவது 100-க்குள்தான் இருக்கும். வருஷக் கணக்கில் யாருக்கும் தெரியாது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கம்ப்யூட்டரைக் கேபிளால் ரவுட்டருடன் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வேகம் என்னவென்று பாருங்கள். 1,000 என்றிருந்தால் நிம்மதி. 100 என்றிருந்தால் வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள். அப்பொழுதும் 100-தான் என்றால், ரவுட்டரோ கம்ப்யூட்டரோ அவ்வளவுதான் தாங்கும் பழைய ரகமாக இருக்கலாம்.

மேலே தாமிரம், உள்ளே?

எண்ணைவிட முக்கியமானது கம்பியின் உலோகம். நகையில் கவரிங் இருப்பதைப் போலக் கேபிளிலும் இருக்கிறது, சகோதரிகளே! உள்ளே அலுமினியம், மேலே மெல்லிய தாமிரப் பூச்சு. இதற்குச் 'சி.சி.ஏ.' என்று பெயர். மின்சாரத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் திறமை தாமிரத்தில் ஏறக்குறைய அறுபது சதவிகிதம்தான். இரண்டு மூன்று தடவை மடக்கினால் முறிந்தும் போகும். கேபிள் வழியாகவே மின்சாரமும் பெறும் காமிராவுக்கு இதைப் போட்டால் கேபிள் அநாவசியமாகச் சூடேறும். 'கேட் 6' என்று உறையில் அச்சிட்டிருந்தாலும், தர விதிகள் கேட்பது முழுத் தாமிரத்தையே.

சோதிப்பது எப்படி? கையில் எடுத்தால் வழக்கத்தைவிட லேசாக இருக்கும். கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் கவரிங். சிவப்பாகவே இருந்தால் தாமிரம். 'பேர் காப்பர்' என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பில்லில் அப்படியே எழுதித் தரச் சொல்லவும் தயங்காதீர்கள்.

கொத்தனார் பூசுவதற்கு முன்

சுவருக்குள் போகும் கேபிளுக்கு, ஒற்றைத் தடித்த கம்பியாக உள்ள 'சாலிட்' ரகம் ஏற்றது. சுவரிலிருந்து கம்ப்யூட்டர் வரை வளைந்து நெளிந்து வரும் சின்னத் துண்டுக்கு, பல மெல்லிழைகள் சேர்ந்த 'ஸ்ட்ராண்டட்' ரகம் நல்லது. அந்தத் துண்டை இருபுறமும் பிளக் பொருத்திய தயார் கேபிளாகவே வாங்குவது சிலாக்கியம்.

மின்சார வயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்கச் சொல்லும் எலக்ட்ரீஷியனுக்கு இணங்காதீர்கள். அது ஆபத்து, இரைச்சலும் புகும். தனிக் குழாய் போடுங்கள். இரண்டும் குறுக்கிட நேர்ந்தால் நேர் குறுக்காகக் கடக்கட்டும். மூலைகளில் முழங்கை போல் மடக்காமல், கேபிள் பருமனைப் போல் நான்கு மடங்காவது ஆரம் உள்ள வளைவாகத் திருப்பச் சொல்லுங்கள். மொட்டை மாடி வெயிலில் போவதற்கு, வெளி உபயோகத்துக்கென்றே செய்த கறுப்பு உறைக் கேபிள் வேண்டும். சாதாரண உறை வெயிலில் காய்ந்து வெடித்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: சுவரைப் பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு கேபிளையும் மாட்டி, 1,000 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பூசி, வர்ணம் அடித்த பிறகு தவறு தெரிந்தால், கேபிளுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு கொத்தனாருக்கும் வர்ணக்காரருக்கும் கொடுக்க வேண்டி வரும்.

நகைக் கடையில் ஹால்மார்க் முத்திரையைத் தேடிப் பார்க்காமல் நாம் பர்ஸைத் திறப்பதில்லை. அந்தக் கண்ணோடு கேபிள் கடைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். இந்த வேலைக்கு இஞ்சினீயர் படிப்புத் தேவையில்லை. ஒரு பிளேடும் கொஞ்சம் பிடிவாதமும் போதும்!