அரங்கமும் திரையும் – 9: காசில்லாமல் வந்த சண்டை

சென்ற வாரம் 1978-இல் நிறுத்தியிருந்தோம். அந்த செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் லியோன் ஸ்பிங்க்ஸை வென்று முகமது அலி பட்டத்தை மீட்டதை, ஏபிசி அலைவரிசையில் அமெரிக்கர்கள் கோடிக்கணக்கில் பார்த்தார்கள். ஒரு பைசா செலவில்லை. ஹெவிவெயிட் சாம்பியன் யார் என்று பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரிந்திருந்த காலம் அது.

அதன்பின் குத்துச்சண்டை வீட்டுக் கூடத்தைவிட்டு விலகியதற்கு ரிங்கில் நேர்ந்த சாவும் ஒரு காரணம். 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகஸில் ரே மான்சினியுடன் மோதிய தென் கொரியாவின் டுக் கூ கிம் 14-ஆவது சுற்றில் விழுந்தார்; சில நாட்களில் உயிர் போனது. சிபிஎஸ் அதை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. 15 சுற்று 12 ஆகக் குறைந்தது அந்தச் சாவுக்குப் பிறகுதான்.

ஆனால் பெரிய காரணம் பணம் என்றே நான் நினைக்கிறேன். நல்ல சண்டைகள் முதலில் சந்தா அலைவரிசைக்கும், பிறகு ஒவ்வொரு சண்டைக்கும் தனியாகக் காசு கட்டும் ‘பே-பெர்-வியூ’வுக்கும் போய்விட்டன. 2015 மே மாதம் மேவெதர் – பாக்கியாவ் சண்டைக்குக் கட்டணம் சுமார் 100 டாலர். அமெரிக்காவில் 46 லட்சம் பேர் வாங்கினார்கள், வசூலில் சாதனை. அந்த 100 டாலர் இல்லாத வீட்டுப் பிள்ளை அன்று வேறெதையோ பார்த்தான். விளையாட்டின் அடுத்த தலைமுறை ரசிகனை இழப்பது இப்படித்தான்.

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. கூண்டுச் சண்டை வந்த வழி நேர் எதிர். அதை நடத்தும் யு.எஃப்.சி. நிறுவனம் 1993-இல் டென்வரில் தொடங்கியதே பே-பெர்-வியூவில்தான். மனிதர்களை வைத்து நடத்தும் சேவல்சண்டை என்று செனட்டர் ஜான் மெக்கெய்ன் கண்டித்தார். கேபிள் நிறுவனங்கள் கைவிட்டன. 2001-இல் வெறும் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய நிறுவனம் அது.

புதிய முதலாளிகள் 2005 ஜனவரியில் சுமார் ஒரு கோடி டாலர் சொந்தப் பணம் போட்டு, ‘தி அல்டிமேட் ஃபைட்டர்’ நிகழ்ச்சியைத் தயாரித்து, தனிக் கட்டணம் கேட்காத ஸ்பைக் டிவியில் ஓடவிட்டார்கள். வளரும் வீரர்கள் ஒரே வீட்டில் தங்கி, பயிற்சி எடுத்து, ஒருவரையொருவர் வெளியேற்ற வேண்டும். வாராவாரம் பார்த்ததில் அந்த முகங்கள் பழகிவிட்டன. ஏப்ரல் 9, இறுதிச் சுற்று: ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீபன் பொன்னரும். பதினைந்து நிமிடம். தரையில் கட்டிப்புரண்டு நேரம் கடத்தவில்லை. எதிரெதிரே நின்று குத்தும் உதையுமாக வாங்கினார்கள், கொடுத்தார்கள். கிரிஃபின் முகத்தில் ரத்தம். களைத்துப் போன மூன்றாவது சுற்றிலும் இருவரும் பின்வாங்கவில்லை. நடுவர்கள் கிரிஃபினைத் தேர்ந்தார்கள். தோற்ற பொன்னருக்கும் யு.எஃப்.சி. ஒப்பந்தம் கிடைத்தது. இன்றைய யு.எஃப்.சி. அந்த இரவில் பிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

பிறகு யு.எஃப்.சி.யும் பே-பெர்-வியூ கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனது. ஆனால் 2025 ஆகஸ்டில் பாரமவுண்டுடன் 7 ஆண்டுகளுக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, 2026 முதல் அமெரிக்காவில் பே-பெர்-வியூவையே கைவிட்டது. சந்தா இருந்தால் எல்லாச் சண்டையும் பார்க்கலாம். குத்துச்சண்டையும் விழித்துக்கொண்டது: 2025 செப்டம்பரில் கனேலோ – கிராஃபோர்ட் சண்டையைத் தனிக் கட்டணமின்றிக் காட்டிய நெட்ஃபிளிக்ஸ், 4 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்ததாகச் சொன்னது. கதவைத் திறந்தால் கூட்டம் இன்னும் வருகிறது.

அந்த 770 கோடியில், கூண்டுக்குள் அடி வாங்குபவருக்கு எவ்வளவு? அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)